மிஷின் ஓடாத நாளில் எடுத்த படங்கள்

1

நேற்று ஆயுத பூஜை. ஹாலந்தில் அது ஒரு சாதாரணப் புதன்கிழமை. குப்பை வண்டி வந்தது, மழை வந்தது, மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. நான் காலையில் சந்தனத்தைக் குழைத்து கேமராவுக்கு ஒரு பொட்டு, காருக்கு ஒரு பொட்டு, துணி துவைக்கும் மிஷினுக்கு ஒன்று, என் மனைவி சுமதியின் லேப்டாப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து, மகள் காவ்யாவின் சைக்கிளில் கைவைத்தேன்.

"அப்பா, சைக்கிளுக்கு வேண்டாம். எல்லாரும் என்னன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு கண்ணு. இன்னைக்கு அதுக்கு லீவுன்னு சொல்லு."

"லீவுன்னா நான் எதுல ஸ்கூலுக்குப் போறது?"

பதினான்கு வயதுக்கு நியாயமான கேள்வி. நான் சீட்டுக்கு அடியில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில் பொட்டை வைத்தேன். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி ஏறிப் போய்விட்டாள். இங்கே வந்த புதிதில், அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பொம்மைகளை எல்லாம் வரிசையாக வைத்து இதுக்குப் பொட்டு, இதுக்குப் பொட்டு என்று கேட்டவள்தான்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் நேற்று சாயங்காலம் திருப்பூர்ப் பக்கத்து அருள்புரத்திலிருந்து ஒரு போன் வந்தது. அதை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். அது புரிய வேண்டுமென்றால், கொஞ்சம் முன்கதை கேட்க வேண்டும்.

2

நான் பொங்கலூர்ப் பக்கத்துக்காரன். என் சொந்தத்தில் பாதிப் பேர் தோட்டத்தை விட்டுவிட்டு பனியன் கம்பெனி வைத்தவர்கள். நான் திருப்பூரில் ஒரு ஸ்டுடியோ வைத்தேன். கல்யாணம், காதுகுத்து போக மீதி நாட்களில் மடித்து வைத்த பனியன்களைப் படமெடுப்பதுதான் வேலை. சுமதி ஒரு பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசர். சாம்பிள் அனுப்புவது முதல் கப்பல் ஏற்றுவது வரை அவள் சொல்கிற தேதி தப்பாது. அதைப் பார்த்த பையர், பனியன் வாங்கும் ஹாலந்துக் கம்பெனிக்காரர்கள், தங்கள் தலைமை ஆபீஸுக்கே வந்துவிடுங்கள் என்றார்கள். அவள் வந்தாள். நானும் கூடவே வந்தேன்.

எங்கள் சொந்தத்துக்கு இது இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை. பனியன் கம்பெனி வைத்திருக்கும் பெரியசாமி மாமா வழியனுப்ப வந்த இடத்தில், "ஏனுங்க மாப்ளே, பொண்டாட்டி வேலைக்குப் போற ஊருக்கு நீங்க பொட்டியத் தூக்கிட்டுப் போறீங்களாமா?" என்றார்.

"ஆமாங்க மாமா. பொட்டி ஒண்ணும் கனமில்லீங்க."

அந்தப் பெட்டியில் ஊத்துக்குளி நெய் வாங்கிய தகர டப்பா ஒன்று இருந்தது. கழுவிக் காயவைத்து, அதற்குள் என் நெகட்டிவ்களை அடுக்கியிருந்தேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி டப்பாவைத் திறந்தார், முகர்ந்தார், என்னைப் பார்த்தார். எத்தனை கழுவினாலும் ஊத்துக்குளி நெய் வாசம் போகுமா? ஃபிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வரிசை வரிசையாக மனிதர்கள். நெய்யை எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம்தான், மூடிக் கொடுத்துவிட்டார்.

நாங்கள் இருப்பது ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பழைய நெசவு நகரம். ஒரு காலத்தில் ஊரே மில்லாக இருந்ததாம். இப்போது மில்கள் எல்லாம் குடியிருப்பாகிவிட்டன. எங்கள் வீடே முன்னாள் நூல் கிடங்கு. திருப்பூர்க்காரனை எங்கே கொண்டுபோய் விட்டாலும் நூலுக்குப் பக்கத்தில்தான் போய் விழுவான் போலிருக்கிறது.

வந்த உடனே எனக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் ஒரு யுத்தம் நடந்தது. குடியிருப்பு அட்டைக்கு போட்டோ வேண்டும். நான் போட்டோக்காரன், என் படத்தை நானே எடுத்துக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த அம்மா, உதட்டில் சிரிப்பு இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். சிரிக்காமல் எடுத்தேன். பின்னால் நிழல் விழுகிறது என்றார். நிழலை எடுத்தேன். முகம் நேராக இல்லை என்றார். என் முகமே அப்படித்தான் அம்மா என்று டச்சில் சொல்ல அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் காசு கொடுத்து எடுத்தேன். அந்தக் கடையிலேயே பிறகு வேலைக்கும் சேர்ந்தேன். யாரும் சிரிக்காத படங்களை எடுப்பது இப்போது என் பிழைப்பு.

என் டச்சைப் பற்றிக் காவ்யாவிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வாள். அந்த மொழியிலும் 'நீ', 'நீங்கள்' உண்டு. எனக்கு 'நீ' வாயில் வராது. கொங்குக்காரன் நாக்கு, எதற்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பழக்கம். கைக்குழந்தையைப் படமெடுத்தாலும் "கொஞ்சம் இப்படிப் பாருங்கள்" என்றுதான் சொல்கிறேன். கடைக்கு வரும் நாய்களிடமும் அதே மரியாதைதான். காவ்யா தலையில் அடித்துக்கொள்வாள். நாய்கள் இதுவரை குறை சொன்னதில்லை.

3

நெய் டப்பாவுக்குள் இருந்தவை ஆயுத பூஜைப் படங்கள்.

ஒவ்வொரு வருஷமும் பூஜையன்று பெரியசாமி மாமா கம்பெனிக்குப் போவேன். முதலில் குரூப் போட்டோ. முதலாளி நடுவில், மேனேஜர் வலப்பக்கம், கட்டிங் மாஸ்டர் இடப்பக்கம், மற்றவர்கள் இருக்கிற இடத்தில். அது முதலாளி கேட்கிற படம். அது முடிந்த பிறகுதான் எனக்குப் பிடித்த வேலை ஆரம்பிக்கும். மிஷின்கள் துடைத்துக் கிடக்கும், மூன்று விரல் விபூதியும் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கும். மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும். வருஷம் முழுக்க பக்கத்தில் இருப்பவர் சொல்வதுகூடக் கேட்காத அந்தக் கொட்டகையில், அன்றைக்கு வளையல் சத்தம் கேட்கும். எல்லாரும் புதுத்துணி. தனித்தனியாகப் படம் எடுத்துக்கொள்ள வருவார்கள்.

யார் சட்டம் போட்டது என்று தெரியாது. நான் போவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். படத்துக்கு யாரும் அவரவர் இடத்தில் உட்கார மாட்டார்கள். மறுநாள் முதல் இவர் இன்ன மிஷின், அவர் இன்ன டேபிள் என்று ஆகிவிடும். அன்றைக்கு மட்டும் எந்த நாற்காலிக்கும் ஆள் கிடையாது. உட்கார ஆசைப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். சாதாத் தையல் போடும் சிங்கர் டைலர், பனியன் மடிப்புத் தைக்கும் பேட்லாக் மிஷினில் உட்காருவார். செக்கிங் பெண் சூப்பர்வைசர் மேஜையில் பேனாவோடு உட்காருவாள். டீ கொண்டுவரும் பழனியக்கா கட்டிங் டேபிளில் கத்திரியைப் பிடித்து நின்ற படம் ஒன்று இருக்கிறது, போலீஸ் அதிகாரி மாதிரி இருப்பார். கட்டிங் மாஸ்டர் போய் முதலாளி நாற்காலியில் சாய்ந்து கொள்வார். யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அடுத்தவர் எங்கே உட்காருகிறார் என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

மாமா மட்டும் எதிர்த்திசையில் போவார். அவர் டைலராக ஆரம்பித்தவர். அன்றைக்குத் தன் நாற்காலியை விட்டு இறங்கி, மூலையில் இருக்கும் பழைய மிஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "இதுல எடுங்க மாப்ளே" என்பார். சிரிக்க மாட்டார்.

நான் ஊரை விடுவதற்குச் சில வருஷம் முன்பு அங்கே ஞானசெல்வி என்ற பெண் கைமடியாகச் சேர்ந்தாள். டைலர் தைத்துத் தள்ளுவதை எடுத்து அடுக்கி, அடுத்த பீஸை மடித்துக் கையில் கொடுப்பவர்களைத்தான் கைமடி என்போம். நாள் முழுக்க நிற்கவேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள், குடும்பத்தோடு பிழைக்க வந்தவர்கள். அந்த வருஷம் பூஜை முடியும்வரை வாசலில் நின்றுவிட்டு, படத்துக்கு மட்டும் உள்ளே வந்தாள். நேராக, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினுக்குப் போனாள். நெற்றியில் பொட்டில்லாத பெண்ணும் நெற்றி நிறையப் பொட்டு வைத்த மிஷினும். காலைப் பெடலில் வைத்து, துணி எதுவும் இல்லாமலேயே இரண்டு கையையும் தைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள்.

என் வாழ்க்கையில் நான் எடுத்த படங்களில் நல்ல படம் எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைச் சொல்வேன். பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இப்பம் வேண்டாம்ண்ணே. நெகட்டிவ பத்திரமா வச்சிருங்க. டெய்லரான பெறவு வாங்கிக்கிடுதேன்."

"அட, இப்பவே வச்சுக்கங்க அம்மிணி. இது என்ற கணக்கு, காசு வேண்டாமுங்க."

"காசுக்கில்லண்ணே. ஆகாத ஒண்ண வீட்டுல மாட்டக்கூடாது. பாக்கிறவங்க நெசம்னு நெனச்சிருவாங்க."

அதனால் அந்த நெகட்டிவ் நெய் டப்பாவில் மேலாக இருந்தது. மற்ற எதைத் தொலைத்தாலும் அதைத் தொலைக்க முடியாது.

4

போன வருஷக் கடைசியில் மார்லேன் என்ற அம்மா பாஸ்போர்ட் படத்துக்காக எங்கள் கடைக்கு வந்தார். ஊர்ப் பழைய மில்லின் பாய்லர் கூடத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது, அதை நடத்துபவர். நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், சிரிக்கக்கூடாத நேரத்தில் சிரித்துவிட்டார். இங்கிருந்து போன வேலை எங்கே போனது என்று ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். இந்த ஊர் மில் தொழிலாளர்களின் பழைய படங்கள் ஒரு சுவரில், எதிர்ச்சுவரில் இன்றைக்கு அந்த வேலையைச் செய்கிறவர்கள்.

"எதிர்ச்சுவர் என்னிடம் இருக்கிறது" என்றேன். இலக்கணம் சரியாக இருந்ததா தெரியவில்லை, அவருக்குப் புரிந்தது.

நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கொடுத்தேன். அதோடு ஒரு சிடியும் கொடுத்தேன். அதில் இருந்தவை வேறு ரகம். பையர்கள் கம்பெனி சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள் இல்லையா, அந்தச் சமயத்தில் கம்பெனிகள் ஃபைலில் வைக்க என்னைக் கூப்பிட்டு எடுத்த படங்கள். மார்லேனுக்கு இரண்டும் பிடித்துவிட்டது. பூஜைப் படங்கள் பெரிய அளவில், சிடிப் படங்கள் சின்ன அளவில். என் பெயர் சுவரில் எழுதுவார்கள். ஹாலந்து வந்து இத்தனை வருஷத்தில் என் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் வீட்டுத் தபால் பெட்டி. அன்றைக்கு வீட்டில் பாயசம்.

பிறகு படங்களுக்குக் கீழே போடும் வாசகங்கள் மின்னஞ்சலில் வந்தன. காவ்யா படித்துச் சொன்னாள். ஞானசெல்வி: ஓவர்லாக் டைலர். கட்டிங் மாஸ்டர்: நிறுவன உரிமையாளர். டீ கொண்டுவரும் பழனியக்கா: கட்டிங் பிரிவுத் தலைவி. பெரியசாமி மாமா, இரண்டு கம்பெனிக்கும் ஏகப்பட்ட ஏக்கர் தென்னந்தோப்புக்கும் சொந்தக்காரர்: வயதான தையல் தொழிலாளி.

நான் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. நான் கொடுத்திருந்தது பெயர்கள் மட்டும்தான். உட்கார்ந்த இடத்தைப் பார்த்து மார்லேன் வேலையை எழுதிவிட்டார், பாவம், வேறென்ன செய்வார். மறுநாள் நேரில் போய் வழக்கத்தை எல்லாம் விளக்கினேன். காவ்யா டச்சில் சொன்னாள். மார்லேன் சிரிக்கவில்லை.

நம்மூரில் ஒரு விஷயம் வேண்டாம் என்றால் காபி குடித்து, மழையைப் பற்றிப் பேசி, பார்க்கலாமுங்க என்று சொல்லி, அதிலேயே புரிய வைப்போம். இங்கே அப்படிக் கிடையாது. "அப்படியானால் இவை ஆவணப் படங்கள் இல்லை, நாடகம்" என்றார். வேலையிடத்தைக் காட்டும் கண்காட்சியில் வேலை நடக்கவேண்டும், அவரவர் அவரவராக இருக்கவேண்டும். பூஜைப் படங்களை எடுத்துவிடலாம். சிடிப் படங்களைப் பெரிதாக்கி மாட்டலாம். அவற்றில்தான் உண்மையாக வேலை செய்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. சத்தம் போடவில்லை. மேஜையில் இருந்த ஆடிட் படத்தில் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வரிசையாகப் பெண்கள் குனிந்து தைக்கிறார்கள், எல்லார் முகத்திலும் வெள்ளை மாஸ்க்.

"மாஸ்க்கில் இருக்கும் மடிப்பைப் பாருங்கள்" என்றேன்.

பார்த்தார். ஒவ்வொரு மாஸ்க்கிலும் நடுவில் பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு அப்படியே இருந்தது. இஸ்திரி போட்ட மாதிரி. படம் எடுக்கப் பத்து நிமிஷம் முன்னால் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார்கள், எடுத்து முடித்ததும் மடித்து வாங்கிக்கொண்டார்கள். தையலும் கிடையாது, ஊசியில் நூல் கோத்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள் என்றேன். சில கம்பெனிகளில் நாளாக நாளாக நிஜமாகவே மாஸ்க் போட ஆரம்பித்தார்கள், அதையும் சொன்னேன். ஆனால் இந்தப் படத்தில் இருப்பது கம்பெனி காட்ட விரும்பியது. பூஜைப் படத்தில் இருப்பது அந்த ஆட்கள் காட்ட விரும்பியது. எதை மாட்டுவது என்று அவர் முடிவு செய்யட்டும். பூஜைப் படம் இல்லாத சுவரில் என் பெயர் வேண்டாம் என்றேன்.

மார்லேன் மாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வாசகங்கள் அச்சுக்குப் போகவேண்டும், யார் யார் என்று சரியாகத் தெரியாமல் ஒன்றையும் மாட்டமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

5

வீட்டில் சுமதி, "ஏனுங்க, பேரு வருதுல்லங்க. எதையோ ஒண்ண மாட்டட்டுமே" என்றாள்.

"பூஜைப் படம் மாட்டுனா பேரு வரட்டும். இல்லாட்டி தபால் பெட்டியிலயே இருக்கட்டும்."

"உங்களுக்குப் புடிவாதம்."

"ஆமா."

காவ்யா ஒரு ஓரமாக ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அப்பா, மார்லேன் கேக்கறது சிம்பிள். யாருன்னு தெரியணும். படத்துல இருக்கறவங்ககிட்டயே கேளுங்க."

"எனக்கே தெரியும் கண்ணு."

"நீங்க சொல்றது வேற. கம்பெனி சொல்றதும் வேணாம்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப ஓவர்லாக்ல உக்காந்த ஆன்ட்டிதான் சொல்லணும்."

என் வாதத்தையே எடுத்து என் மேல் போட்டுவிட்டாள். டச்சுப் பள்ளிக்கூடத்தில் வேறு என்ன கற்றுக்கொடுக்கிறார்களோ, இதைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

மாமாவிடம் கேட்டு நம்பர்கள் வாங்கினேன். மாமாவின் பதில் உடனே கிடைத்தது: "டைலர்னே போடச் சொல்லுங்க மாப்ளே. அது ஒண்ணும் தப்பில்லீங்க." பழனியக்கா விழுந்து விழுந்து சிரித்தார். ஞானசெல்வி மாமா கம்பெனியை விட்டுப் போய் வருஷக்கணக்காகிவிட்டது, அருள்புரத்தில் ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார்கள். காலிங் கார்டைச் சுரண்டி நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். நான்தான் பேசுவேன் என்றாள் காவ்யா. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததை எல்லாம் திரட்டிக்கொண்டு கேட்டாள்.

"வணக்கம். படத்தில் உங்கள் பதவி என்னவென்று எழுத வேண்டும்?"

அந்தப் பக்கம் மிஷின் இரைச்சல். பிறகு, "யாரு, டீச்சரா பேசுதது?" என்றாள் ஞானசெல்வி.

நான் குறுக்கே வந்து விஷயத்தைச் சொன்னேன். வெளிநாட்டில், சுவரில், ஆள் உயரத்துக்கு அவள் படம் மாட்டப்போகிறார்கள் என்றதும் போனோடு வெளியே வந்தாள் போல, இரைச்சல் குறைந்தது.

"ஓவர்லாக்குல உக்காந்தனே, அந்தப் படமாண்ணே?"

"அதேதானுங்க. டைலர்னு எழுதியிருக்காங்க. இப்ப நீங்க டைலர் ஆயிட்டீங்கல்ல, அப்படியே விட்டரலாமுங்களா?"

சொல்லும்போதே நான் ஒரு சமாதானத்துக்குத் தயாராகிவிட்டிருந்தேன். அவள் டைலர் என்று சொன்னால் மார்லேன் வாசகம் அப்படியே நிற்கும், படமும் சுவரில் ஏறும், என் பெயரும் ஏறும். யாருக்கும் நஷ்டமில்லை.

"டெய்லர் ஆயி அதும் தாண்டியாச்சுண்ணே. இப்பம் லைன் சூப்பர்வைசரு. எங் கைக்குக் கீழ முப்பது பேரு, பாதிப்பேரு ஒடிசா, பீகார். இந்திலயே ஏசுதேன்." சிரித்தாள். "ஆனா அந்தப் படத்துல நான் டெய்லரு இல்ல. கைமடின்னு எழுதுங்க."

"ஏன் ஆன்ட்டி? படத்துல தைக்கிற மாதிரி இருக்கு" என்றாள் காவ்யா, வகுப்புத் தமிழை மறந்து.

"மாதிரிதானம்மா. அன்னைக்கு எனக்கு ஊசில நூலு கோக்கத் தெரியாது. எங்கிட்ட கைமடிப் பிள்ளைக இருக்குதுக. நாளைக்கு எவளாவது இந்தப் படத்தப் பாத்தா, இவ வரும்போதே டெய்லராத்தான் வந்திருக்கான்னு நெனச்சிருவா. நான் நின்ன நிப்பு யாருக்குத் தெரியும்? கைமடின்னே எழுதுங்க. அங்க உக்காரணும்னு ஆசப்பட்டு உக்காந்தான்னு எழுதுங்க."

காவ்யா எழுதிக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

வைக்கும் முன், "அண்ணே, அந்த நெகட்டிவு இருக்குல்லா?" என்றாள்.

"பத்திரமா இருக்குதுங்க."

"அப்பம் ஒரு படம் போட்டு அனுப்புங்க. டெய்லரு ஆயிட்டம்லா."

6

காவ்யா எழுதியதைத்தான் சுவரில் போட்டார்கள். டச்சிலும் கீழே தமிழிலும்: 'ஞானசெல்வி. படம் எடுத்த நாளில் கைமடி. உட்கார்ந்திருப்பது அவர் ஆசைப்பட்ட இடத்தில்.' மற்றவர்களுக்கும் அப்படியே. மாமாவுக்கு மட்டும்: 'நிறுவன உரிமையாளர். உட்கார்ந்திருப்பது அவர் புறப்பட்ட இடத்தில்.' அதுவும் காவ்யா எழுதியது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மார்லேன் அதைப் படித்துவிட்டு, "இது நன்றாக இருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். அவர் கணக்கில் அது பெரிய பாராட்டு. ஆடிட் படங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் ஒரு மூலையில் மாட்டி, மாஸ்க் மடிப்பைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். அந்த யோசனை அவருடையது, நல்ல யோசனை.

திறப்பு நாளில் இந்த ஊர் மில்லில் வேலை பார்த்த பாட்டிமார்கள் வந்திருந்தார்கள். ஒரு அம்மா பழனியக்கா படத்துக்கு முன்னால் நகராமல் நின்றார். தாங்கள் எங்கே உட்கார்ந்திருப்போம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்ததை காவ்யா கேட்டு வந்து சொன்னாள். பெரும்பாலும் மேனேஜர் ரூமாம். நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் எங்கேயும் உட்காரமாட்டேன் கண்ணு, கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன், எனக்கு வேண்டிய இடம் அதுதான் என்றேன். நிஜமாகவே அதுதான்.

7

நேற்று சாயங்காலம் காவ்யா மழையில் நனைந்து வந்து சைக்கிளைச் சாத்தினாள். குனிந்து பார்த்தேன். சீட்டுக்கு அடியில் சந்தனம் இருந்தது. அவள் துடைக்கவில்லை.

இங்கே டிவியில் வங்கிகள் கவிழ்வதைப் பற்றித்தான் பேச்சு. சுமதி ஆபீஸில் அடுத்த சீசன் ஆர்டரைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஒருவர் ஒரு எண்ணைக் குறைத்தால் அங்கே எது நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது. ஞானசெல்வி. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, பூசைக்கு உங்களத்தான் நெனச்சோம். காலையில இருந்து கரண்டு இல்ல. மிஷினுக்கெல்லாம் லீவுதான, ஒண்ணும் தெரியல."

"வேலை எப்படிங்க இருக்குது?"

"ரெண்டு லைன நிப்பாட்டிட்டாங்க. எங்க லைன் ஓடுது. தீவாளிக்குப் பெறவு எப்படியோ. பாப்போம்ண்ணே, நிக்கத் தெரியாதவளா நானு."

"படம் வந்துச்சுங்களா?"

"வந்து, லைன்லயே மாட்டியாச்சு. கைமடிப் பிள்ளைக எல்லாம் சுத்தி நின்னு பாக்குதுக. ஒடிசாப் பையன் ஒருத்தன் நம்பவே மாட்டேங்கான். இன்னைக்கு எல்லாம் இந்த மாதிரி உக்காந்து செல்லுல படம் எடுத்துச்சுக. இந்தப் பெரிய கம்பெனியில இதுவரைக்கும் அந்தப் பழக்கம் கெடையாதுண்ணே, நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

"யாரு யாரு எங்க ஆன்ட்டி உக்காந்தாங்க?" என்று காவ்யா போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அத ஏங் கேக்க. ஒரு சுண்டக்காப் பிள்ள, போன மாசந்தான் சேந்தா, நேரா வந்து எஞ் சேர்ல உக்காந்துட்டா. சூப்பர்வைசரு சேரு. எந்திரிக்கவே மாட்டேங்கா."

"அப்ப நீங்க எங்கங்க உக்காந்தீங்க?" என்றேன் நான்.

பக்கத்தில் யாரோ இருந்திருக்கவேண்டும், குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எனக்கு எடம் இல்லாமப் போச்சுல்லா. மாடியில கண்ணாடி ரூமு தெறந்து கெடந்துச்சு. மொதலாளி கோயிலுக்குப் போயிருந்தாவ. போயி அவ்வொ சேர்ல உக்காந்தேம்ண்ணே. சுத்துற சேரு."

காவ்யா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"படம் எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு."

"அனுப்புங்க ஆன்ட்டி, ப்ளீஸ். நாங்க பார்க்கணும்."

"இப்பம் கெடையாதும்மா" என்றாள் ஞானசெல்வி. "ஆவட்டும். ஆன பெறவு தாரேன்."

"சரிங்க அம்மிணி, பத்திரமா வச்சிருங்க" என்றேன்.